வெயிலை வெளியே நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்

வீடு வாசல்: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் சுற்றுச்சூழலுக்கு உகந்த குடும்ப வீடு பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதும் சொன்னோம், கேள்விகள் குவிந்துவிட்டன. முக்கால்வாசிப் பேர் “எதை வாங்கினால் வீடு பசுமையாகும்?” என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். பல இடங்களில் என் பதில் “எதையும் வாங்க வேண்டாம்” என்பதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, எங்களுக்குச் செங்காங்கில் 14வது மாடியில் வீடு. பிள்ளைகள் படுக்கும் அறை மேற்குப் பார்த்தது. ராத்திரி பத்து மணிக்குக்கூடச் சுவரைத் தொட்டால் சூடு தெரிகிறது. ஏர்கான் இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறார்கள். தடிமனான கறுப்புத் திரை போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?
(இரண்டு பிள்ளைகளின் அம்மா, செங்காங்)

கறுப்புத் திரையே பாதிப் பிரச்சினை, அம்மா. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கறுப்புத் துணி அதை அப்படியே உறிஞ்சி அறைக்குள்ளேயே விட்டுவிடும். சன்னல் பக்கம் வெள்ளையாகவோ வெள்ளிப்பூச்சோடோ இருக்கும் திரையாக இருந்தால் ஓரளவாவது வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதையும் வெயில் சன்னலைத் தொடுவதற்கு முன்பே, பகல் ஒரு மணிக்கெல்லாம் இழுத்துவிட வேண்டும். வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து இழுத்தால் பயனில்லை. காலையில் வீட்டைப் பூட்டும்போதே அந்த ஒரு அறைக்கு இழுத்துவிட்டுப் போங்கள்.

இரவு பத்து மணிக்குச் சுவர் சுடுவது கான்கிரீட்டின் குணம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதல்லவா, அதே கதைதான். மதியம் முழுக்க வாங்கிய சூட்டை நாலைந்து மணி நேரம் தாமதமாக, பிள்ளைகள் படுக்கிற நேரம் பார்த்து உள்ளே விடுகிறது. அதனால் கட்டிலை அந்தச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். துணி அலமாரியை அங்கே நகர்த்தினால் சூடு நேராக அறைக்குள் வராது, ஆனால் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும்.

மேற்கு மட்டும் ஏன் இப்படி என்றால், சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கிறது, அவ்வளவுதான். நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும், ஜூனில் கொஞ்சம் வடக்கே, டிசம்பரில் கொஞ்சம் தெற்கே சாயும். எனவே வடக்கு, தெற்குச் சன்னல்களுக்கு மேலே ஒரு சின்ன சன்ஷேடு இருந்தாலே நிழல் கிடைத்துவிடும். மேற்கு வெயில் சாய்வாக வந்து நேரே முகத்தில் அடிப்பது, மேலே சன்ஷேடு இருந்தாலும் அடியில் புகுந்துவிடும். அதை நிறுத்த வேண்டுமென்றால் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். பால்கனி இருக்கிற வீடுகளில் உருட்டுத் திரையோ கொடியோ போடலாம். வெறும் சன்னல் மட்டும் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முகப்பில் நாமாக எதையும் மாட்டிவிட முடியாது, முதலில் வீவகவிடம் அனுமதி கேளுங்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வெளிக்காற்று சுவரைவிடக் குளிர்ந்துவிடும். அந்த நேரத்தில் பலர் செய்வது என்ன? கொசு வரும் என்று எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏர்கானைப் போடுவது. கொசுவலைச் சட்டம் மாட்டிச் சன்னலைத் திறங்கள், வாசல் கதவைத் திறந்து இரும்புக் கேட்டை மட்டும் பூட்டுங்கள், அறை மின்விசிறி ஒன்றைச் சன்னல் பக்கம் வெளியே பார்த்து வைத்து ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே அடைந்த சூடு வெளியே போகும். அதற்கப்புறமும் ஏர்கான் வேண்டுமென்றால் போடுங்கள், அது பாதி உழைப்பில் அறையைக் குளிர்வித்துவிடும்.

தெம்பனிஸில் 130 புளோக்குகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்ச்சிச் சாயம் பூசி வீவக சோதனை செய்தது, சுற்றுப்புற வெப்பம் 2 டிகிரி வரை குறையலாம் என்ற கணக்கில். உங்கள் புளோக்குக்கும் அது ஒருநாள் வரலாம். வீடு வாங்கப் போகிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: வீடு பார்க்க முகவர் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் சரி என்று போய்விட்டு, மாலை நாலு மணிக்கு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

எங்கள் புளோக் கூரையில் சூரியத் தகடு போட்டு நாளாகிவிட்டது. என் மின்கட்டணம் ஒரு காசுகூடக் குறையவில்லையே? ஏமாற்று வேலையா?
(ஓய்வுபெற்ற வாசகர், ஈசூன்)

ஏமாற்று இல்லை, ஐயா. அந்தத் தகடுகளின் மின்சாரம் உங்கள் வீட்டு மீட்டர் பக்கமே வராது. பகலில் மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு ஆகிய பொதுப் பயன்பாட்டுக்குப் போகிறது, மிஞ்சினால் தேசிய மின்கட்டமைப்புக்கு. லாபம் நகரமன்றத்தின் கணக்கில் தெரியும், உங்களுக்கு நேராகக் கிடைப்பது பராமரிப்புக் கட்டணம் இன்னும் வேகமாக ஏறாமல் இருப்பது, அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் நன்றி சொல்வதில்லை. பொங்கோலில் 2010இல் கட்டி முடித்த ட்ரீலாட்ஜ், வீவகவின் முதல் பசுமைக் குடியிருப்பு. அங்கேயும் தகடுகள் இதே வேலைக்குத்தான். 2014இல் சோலார்நோவா என்ற அரசாங்கச் சூரியத் தகடுத் திட்டம் வந்த பிறகு கூரை கூரையாகப் பரவிவிட்டது.

கூரையில் இடம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்து மாடிப் புளோக்கில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள், கூரை ஒன்றே ஒன்று. எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு தகடுகூட வராது. பொது விளக்குக்குக் கொடுப்பதுதான் நியாயமான கணக்கு.

அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு அப்படியே இருக்கிறது. ஐந்து டிக் (மின்சிக்கன முத்திரையின் உச்சத் தரம்) ஏர்கான் வாங்கலாமா, புதுக் குளிர்பதனப் பெட்டி வாங்கலாமா? எங்களிடம் இருக்கும் இரண்டும் நன்றாகத்தான் ஓடுகின்றன.
(குடும்பத் தலைவி, உட்லண்ட்ஸ்)

நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்களே தங்கை, அப்புறம் ஏன் மாற்றுகிறீர்கள்?

விவரம் தெரியாதவர்களுக்கு: குடியுரிமை உள்ள ஒருவராவது இருக்கும் வீவக குடும்பங்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் மிச்சமாகும் சாதனங்கள் வாங்க 2024 ஏப்ரலில் 300 வெள்ளிப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள், 2025 ஏப்ரலில் இன்னொரு 100 சேர்த்தார்கள், அப்போது தனியார் வீட்டுக் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி கிடைத்தது. சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக எடுத்துக்கொள்ளலாம், 2027 டிசம்பர் 31 வரை செல்லும். கெடு இருக்கிறது என்பதற்காக நல்ல பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அதைவிட மோசம் ஒன்று உண்டு: புதுப் பெட்டியை வாங்கிவிட்டு, பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல் பின்கட்டில் வைத்து, தீபாவளிக்கு வாங்கிய பானங்களுக்காக ஆண்டு முழுக்க ஓட்டுவது. எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன்!

முதலில் அந்தப் பணத்தில் மின்விசிறி வாங்குங்கள். கணக்குப் பாருங்கள். ஒரு படுக்கையறை ஏர்கான் சராசரியாக அரை கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்துக்கு 4 யூனிட், யூனிட் ஏறத்தாழ 30 காசு என்றால் ஓர் இரவுக்கு 1.20 வெள்ளி, மாதம் 36 வெள்ளி. மூன்று அறையிலும் ஓடினால் நூறைத் தாண்டும். டிசி மோட்டார் மின்விசிறி 30 வாட்டுதான், அதே எட்டு மணி நேரத்துக்கு 7 காசு. விசிறி ஓடினால் ஏர்கானை 25, 26 டிகிரியில் வைத்தாலே போதும் போலிருக்கும். சிலர் விடியற்காலை மூன்று மணிக்கு ஏர்கான் தானாக நிற்கும்படி வைத்துவிட்டு விசிறியோடு தூங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது பழைய குழல்விளக்கு. 36 வாட்டு குழாய் எரிந்த இடத்தில் பாதி வாட்டு எல்இடி அதே வெளிச்சம் தரும், சூடும் குறைவு. அப்புறம் குளியலறைத் தூவல் (ஷவர்), அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஏர்கான் உண்மையிலேயே படுத்துவிட்டால் அப்போது ஐந்து டிக் வாங்குங்கள். அறையின் அளவுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள், பெரிதாக இருந்தால் சீக்கிரம் குளிரும் என்று விற்பவர் சொல்வார், குளிரும், ஆனால் ஈரத்தை எடுக்குமுன் நின்று நின்று ஓடும். உள்ளே இருக்கும் குளிர்விக்கும் வாயுவையும் பாருங்கள். பழைய ஏர்கான்களில் இருந்த ஆர்410ஏ புவியைச் சூடாக்கும் திறனில் கரியமில வாயுவைப்போல 2,000 மடங்குக்கு மேல், இப்போது வரும் ஆர்32 ஏறத்தாழ 675 மடங்கு. 2022 அக்டோபரிலிருந்து 750 மடங்கைத் தாண்டிய வாயு உள்ள வீட்டு ஏர்கான்களைப் புதிதாக இங்கே விற்பனைக்குக் கொண்டுவர முடியாது. அதனால் புதியதில் கவலை இல்லை, கழற்றுகிற பழையதில்தான் கவலை. கழற்ற வருபவரிடம் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடித்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால்தான் செய்வார்.

தெங்காவில் பிடிஓ (முன்பதிவுக்குப் பிறகு வீவக கட்டித் தரும்) வீடு, சாவி வரப்போகிறது. அங்கே மையக் குளிரூட்டும் முறை இருக்கிறதாம். அதில் சேரலாமா, வழக்கமான ஏர்கானா? அண்ணனும் தம்பியும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.
(புதுமணத் தம்பதி, இப்போதைக்கு மாமியார் வீடு, பிடோக்)

மாடியில் இருக்கும் பெரிய இயந்திரங்கள் தண்ணீரைக் குளிர்வித்து, காப்புறை போட்ட குழாய்களில் வீடு வீடாக அனுப்பும், உங்கள் அறையில் இருக்கும் விசிறிப் பெட்டி அந்தக் குளிர்ச்சியைக் காற்றில் கலக்கும். வீட்டுக்கு வெளியே சூடு கக்கும் பெட்டி இருக்காது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பெரிய இயந்திரம் ஓடுவது தனித்தனிச் சிறிய இயந்திரங்களைவிடச் சிக்கனம், அதில் சந்தேகமில்லை. மொத்த ஆயுட்காலச் செலவில் 30 விழுக்காடு வரை மிச்சம் என்று விளம்பரப்படுத்தினார்கள்.

ஆனால் குளிர்ந்த நீர் ஓடும் குழாய் கூரையடியில் போகிறது, காப்புறையில் ஒரு விரிசல் இருந்தாலும் நம் காற்றின் ஈரம் அதில் பட்டு வியர்க்கும், சொட்டும். தொடக்கத்தில் சில வீடுகளில் அப்படி நடந்ததாகச் செய்தித்தாள்களில் வந்தது நினைவிருக்கலாம். அதனால் கையெழுத்துப் போடுமுன் இதை எல்லாம் கேளுங்கள்: சொட்டினால் யார் பொறுப்பு, மரவேலை கெட்டால் யார் செலவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, வீட்டை விற்றால் என்ன ஆகும், நடுவில் விலகினால் எவ்வளவு. எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணனும் தம்பியும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இருவரும் பகலெல்லாம் வெளியே, இரவு ஓர் அறையில் மட்டும் ஐந்தாறு மணி நேரம் போடுகிறவர்கள் என்றால் உங்களுக்கு எந்த முறையிலும் மிச்சம் பெரிதாக இருக்காது. நாள் முழுக்க வீட்டிலிருந்து வேலை, பாட்டி தாத்தா, குழந்தை என்று மூன்று அறை ஓடினால் மையக் குளிரூட்டல் யோசிக்க வேண்டியதுதான். தெங்காவின் உண்மையான பசுமைச் சொத்து என்று நான் நினைப்பது அந்தக் குழாய் அல்ல, 5 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குத் திட்டமிட்ட காட்டுப் பாதையும், தரைமட்டத்தில் வாகனங்கள் வராத நகர மையமும்தான். மரம் நிறைந்த புறப்பகுதிக்கும் கட்டடங்கள் நெருங்கிய நகர மையத்துக்கும் இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் இந்தத் தீவில் அளந்திருக்கிறார்கள். அந்தக் காட்டுப் பக்கம் சன்னல் கிடைத்திருந்தால் முதல் மூன்று மாதம் விசிறியோடு வாழ்ந்து பாருங்கள்.

காண்டோ விளம்பரத்தில் “கிரீன் மார்க் பெற்ற பசுமை வீடு” என்று போட்டு விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், சுவா சூ காங்)

முத்திரையை நம்பலாம், விளம்பரத்தை நம்ப வேண்டாம். கிரீன் மார்க் 2005இல் தொடங்கியது, கட்டட, கட்டுமான ஆணையம் கொடுப்பது. 2008இலிருந்து 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடம் எதுவானாலும் குறைந்தபட்சப் பசுமைத் தரத்தை எட்டியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆக, அடிப்படைத் தரத்தைப் பெருமையாகப் போட்டுக்கொள்வது, எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். தங்கமா, தங்கப் பிளஸா, பிளாட்டினமா என்று கேளுங்கள். மேல்தரம் என்றால் கொஞ்சம் மதிக்கலாம்.

அதிலும் பாருங்கள், புள்ளிகள் நீச்சல் குளத்துப் பம்புக்கும் கார் நிறுத்துமிட விளக்குக்கும் சேர்த்துத்தான். நீங்கள் வாங்கப்போகிற அந்த ஒரு வீடு தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியாக மேற்கே பார்த்து நின்றால் பிளாட்டினம் உங்கள் மின்கட்டணத்தைக் காப்பாற்றாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுமா என்று பாருங்கள். 2015இல் முடிந்த டாசன் ஸ்கைவில் வீவக வீடுகள்தான், 960 வீடுகள், எல்லாவற்றிலும் குறுக்கே காற்று ஓடும்படி வடிவமைத்தார்கள். பழைய கடைவீடுகளில் நடுவே ஒரு வானம் பார்த்த முற்றம் விட்டிருப்பதும் இதற்காகத்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்தும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கு, தென்கிழக்கிலிருந்தும் நமக்குக் காற்று வரும், அது காசு கேட்பதில்லை.

புதுவீட்டில் மரவேலை முடிந்தது. உள்ளே நுழைந்தால் கண் எரிகிறது. மனைவி கர்ப்பமாக இருக்கிறார். அம்மா அடுத்த வாரம் நல்ல நாள் என்று பால் காய்ச்சச் சொல்கிறார்.
(வாசகர், பொங்கோல்)

பால் காய்ச்சுங்கள், தம்பி, காய்ச்சிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே போங்கள். குடியேறும் நாள் வேறு, பால் காய்ச்சும் நாள் வேறு என்று வைத்துக்கொள்வது நம் குடும்பங்களில் புதிதில்லை, அம்மாவும் ஒப்புக்கொள்வார்.

கண் எரிவது பெரும்பாலும் ஒட்டுப்பலகைப் பசையிலிருந்து வரும் பார்மால்டிஹைடு. சூடும் ஈரமும் அதிகமானால் அதிகமாக வெளிவரும். எல்லா அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து வையுங்கள், சன்னல்கள் திறந்திருக்கட்டும், விசிறி ஓடட்டும், வாரக் கணக்கில். மணக்கும் திரவம் தெளிப்பது, வெங்காயம் வெட்டி வைப்பது எல்லாம் மூக்கை ஏமாற்றும் வேலை. கர்ப்பமாக இருப்பவர் அந்த வாடை போகும்வரை அங்கே படுக்கவே வேண்டாம், எரிச்சலோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனிமேல் வேலை தொடங்கப் போகிறவர்கள்: பலகைக்கு இ0 அல்லது இ1 தரம் (பார்மால்டிஹைடு குறைவாக வெளிவிடுவது) என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்குங்கள், அதைவிட முக்கியம், மரவேலையையே குறையுங்கள். சுவர் முழுக்க அலமாரி அடித்து, அதில் பாதியைக் காலியாக வைத்திருக்கும் வீடுகள்தான் எத்தனை! வீட்டு உட்புறச் சாயத்தில் பார்மால்டிஹைடுக்கு 2026 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு வந்துவிட்டது, எனவே சாயம் பற்றி முன்னைப்போல அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

எரிவாயு அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் பசுமையா? தோசைக்கல் என்ன ஆகும்?
(வாசகி, அங் மோ கியோ)

கரியைக் கணக்குப் பார்த்தால் சிங்கப்பூரில் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது. வீட்டு அடுப்பில் எரித்தால் பாதிக்கு மேல் சூடு பாத்திரத்தைச் சுற்றி ஓடிவிடுகிறது, மின்நிலையத்தில் எரித்தால் அங்கே பாதி போய்விடுகிறது.

ஆனால் சமையலறைக்குள் வித்தியாசம் நிறைய. தீச்சுவாலையின் வெக்கை இல்லை, நைட்ரஜன் டை ஆக்சைடு இல்லை. நாம் நின்று ஒரு மணி நேரம் தோசை வார்க்கிறவர்கள், சின்னப் பிள்ளைக்கு இழுப்பு இருக்கும் வீடு என்றால் அதற்காகவே மாறலாம். தாளிப்புப் புகை எந்த அடுப்பிலும் வரும், சன்னலைத் திறக்கத்தான் வேண்டும். திறந்த சமையலறையைக் கண்ணாடிக் கதவு போட்டு அடைப்பவர்கள் காற்று ஓடும் பாதையையும் சேர்த்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சமையல் முடிந்ததும் கதவை ஒதுக்கி விடுங்கள்.

வார்ப்பிரும்புத் தோசைக்கல் அருமையாக வேலை செய்யும், அடி தட்டையாக இருந்தால் போதும். அலுமினிய இட்லிப் பானையும் மண்சட்டியும் வேலை செய்யாது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் ஓடும். எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது.

எங்கள் வீட்டில் நாலு பேர், நாலு பேருக்கும் காலை மாலை இரண்டு குளியல். தண்ணீர்க் கட்டணம் பார்த்து அப்பா கத்துகிறார். குளியலைக் குறைக்க முடியாது!
(கல்லூரி மாணவி, ஜூரோங் வெஸ்ட்)

குறைக்கச் சொல்லவில்லை, இந்த வெக்கையில் யார் குறைப்பது. குளியலறைத் தூவலை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டுவதை எடுத்துவிட்டு மூன்று டிக் (தண்ணீர்ச் சிக்கன முத்திரை) தூவல் போட்டால் 5 லிட்டருக்குள் வரும். ஒரு குளியலில் ஐந்து நிமிடம் தண்ணீர் ஓடுகிறது என்றால் எட்டுக் குளியலுக்கு நாளொன்றுக்கு 160 லிட்டர் மிச்சம், மாதம் 4.8 கனமீட்டர். 2025 ஏப்ரல் கட்டணப்படி கனமீட்டருக்கு 3.24 வெள்ளி, அதாவது மாதம் 15 வெள்ளிக்கு மேல், வரி தனி. ஹீட்டர் ஓடும் மின்சாரத்திலும் அதே அளவு விகிதம் குறையும். இங்கே ஒருவர் நாளுக்குச் சுமார் 140 லிட்டர் பயன்படுத்துகிறார், அதில் பெரிய பங்கு குளியலுக்குத்தான். பற்றுச்சீட்டில் தூவலும் சேரும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், கத்துவது நின்றுவிடும்.

தரைவீடு வைத்திருக்கிறோம். கூரையில் சோலார் போட்டால் போட்ட பணம் திரும்புமா? மின்தடை வந்தாலும் விளக்கு எரியுமா?
(வாசகர், சிராங்கூன் கார்டன்ஸ்)

திரும்பும். 1 கிலோவாட் தகடு இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும். 10 கிலோவாட் போட்டால் 12,000 யூனிட், அதில் பகலில் நீங்களே செலவழிக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழு விலையும் மிச்சம், மின்கட்டமைப்புக்குத் திருப்பி விடுவதற்கு அதைவிடக் குறைவாகக் கழிப்பார்கள். எனவே பகலில் ஆளில்லாத வீட்டுக்கு அளவாகப் போடுங்கள். துணி துவைப்பது, ஏர்கான் போடுவது இவற்றைப் பகலுக்கு மாற்ற முடிகிறவர்களுக்கு லாபம் அதிகம். ஊரில் தெற்குப் பார்த்துச் சாய்க்கிறார்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், இங்கே லேசான சரிவு போதும், அதுவும் மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடுவதற்காக.

மின்தடை வந்தால் விளக்கு எரியாது. பாட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, வெளியே மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும், கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

தாழ்வாரத்தில் துளசி, கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். மழைநீரை வாளியில் பிடித்து ஊற்றலாமா?
(பாட்டி, பிடோக் ரிசர்வோர் ரோடு)

செடி வையுங்கள் அம்மா, வாளி வேண்டாம். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும், சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் பார்ப்பதும் செடிப் பக்கம்தான், புழு இருந்தால் அபராதம். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரை அன்றன்றைக்கே ஊற்றிவிடுங்கள், கறிவேப்பிலைக்கு அது போதும். தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்து, ஓரத்தைத் தேய்த்துக் கழுவி வையுங்கள், வெறுமனே தண்ணீரை மாற்றினால் முட்டை ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டிகள் போக ஆட்கள் நடக்க 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும், பேரனை விட்டு டேப்பால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.